‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிற வகுப்பறை

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் சாதாரண வகுப்பில் பாடம் நடத்திய நான், வரும் கல்வியாண்டில் அதே பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாறுகிறேன். ஆறிலிருந்து பத்து வயதுக்குள் எட்டுப் பிள்ளைகள். மூன்று பேருக்கு ஆட்டிசம், அதில் ஒருவன் பேசுவதே இல்லை. இருவருக்கு டவுன் சிண்ட்ரோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி வீல்சேரில் வருவாள். ஒருவன் காது கேட்கும் கருவி அணிகிறான், இன்னொருவனுக்கு வலிப்பு உண்டு. நான் கிறிஸ்தவள். இதை ஊழியமாகவே நினைக்கிறேன். சுவர் முழுக்க வண்ணப் படங்களும் வசனங்களும் ஒட்ட வேண்டும், பாட்டோடும் ஜெபத்தோடும் நாளைத் தொடங்க வேண்டும் என்று ஆசை. ஆனால் இது எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப் பள்ளி. ஜெபிப்பதற்காகப் பிள்ளைகளின் பெயரையும் விவரத்தையும் சபையார் கேட்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையின் தாய், “நாங்கள் செய்த பாவமா டீச்சர்?” என்று கேட்டபோது பதில் தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் ‘இது என் இடம்’ என்று உணரும் வகுப்பை எப்படி அமைப்பது? என் விசுவாசத்தை அதில் எங்கே வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒருவன் பேசுவதே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அவனிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் வகுப்பு அவனுக்கு ஒத்துப்போனால் மற்ற ஏழு பேருக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பேசத் தெரிந்த பிள்ளை, பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடும். பேச்சில்லாத பிள்ளை காதைப் பொத்தும், கத்தும், கடிக்கும், வாசலைப் பார்த்து ஓடும். அதற்கு நாம் ‘அடம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். காலையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது எழுந்து ஓடுவான். நான் தினமும் பிடித்து வந்து உட்காரவைப்பேன். தோளில் கையை அழுத்திக்கொண்டே பாடுவேன். அன்பாகத்தான் செய்தேன். ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அத்தனை கைகள் ஒன்றாகத் தட்டும் சத்தம் அவனுக்குக் காதில் அடி விழுகிற மாதிரி இருந்திருக்கிறது. கைப்படம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, இதைக் காட்டினால் வெளியே போய் நிற்கலாம் என்று பழக்கினோம். முதல் வாரம் தினமும் காட்டினான். மூன்றாம் வாரம் கதவோரம் நின்று கேட்டான். அப்புறம் ஒரு நாள் தானாக உள்ளே வந்து, என் மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பாட்டு முடியும்வரை இருந்தான். போக விடுவார்கள் என்று தெரிந்த பிறகே அவனால் இருக்க முடிந்தது. அந்த ஐந்து மாதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே வண்ணத்தாளும் பசையும் வாங்குவதற்கு முன்பு நான்கு அட்டை செய்யுங்கள்: வேண்டாம், போதும், உதவி, இன்னும். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில் ஒட்டிவையுங்கள். இன்னொரு செட் உங்கள் கழுத்தில் தொங்கட்டும். 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளை படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கும். கொடுத்தவுடன் கேட்டது கிடைக்கும். அவ்வளவுதான் அதன் தொடக்கம். தான் ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அசைகிறார் என்பது பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் புரிகிறது. அதைப் படிப்படியாகக் கொண்டுபோகும் விதத்தைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அட்டையைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு அட்டையோடு சேர்ந்து பேச்சும் வளர்ந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ‘வேண்டாம்’ அட்டையைக் கொடுத்துவிட்டு அதை மதிக்காமல் இருப்பது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். மருந்து, கைகழுவுவது போன்றவற்றை விட முடியாதே என்பீர்கள். சரிதான். அப்போது, “வேண்டாம் என்கிறாய், எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு தடவை, அப்புறம் முடிந்தது” என்று விரலைக் காட்டி எண்ணுங்கள். எங்கே முடியும் என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில், எரிகோ வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவனுக்குப் பார்வை இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் கூப்பிட்டபோது கூட்டம் அதட்டி அடக்கியது. இயேசு நின்றார், அவனை அழைத்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கேட்கவே தேவையில்லாத கேள்வி என்று நமக்குத் தோன்றும். அவர் கேட்டார், அவன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார். விசுவாசத்தை எங்கே வைப்பது என்று கேட்டீர்களே, நான் அதை இந்தக் கேள்வியிலும் இந்தக் காத்திருப்பிலும்தான் வைப்பேன். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் பொறுத்திருந்தார்கள். 3 நொடி பொறுத்தபோதே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. உங்கள் பிள்ளைகளுக்கு மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில் கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். பாதி யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

இனி சுவருக்கு வருகிறேன். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. வெறுஞ்சுவரைப் பார்த்தால் நமக்கு மனம் கேட்காது. ஆனால் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சுவர் நிறையப் படம் ஒட்டிய அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்தினார்கள். படம் நிறைந்த அறையில் பாட நேரத்தில் ஏறக்குறைய 39 சதவீதம் கவனம் சிதறிப் போனது. வெறும் அறையில் 28 சதவீதம். தேர்விலும் வெறும் அறையில்தான் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் சாதாரணப் பிள்ளைகள். பார்ப்பதை வடிகட்டவே சிரமப்படும் உங்கள் மூன்று பேருக்கு அந்தச் சுவர் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் நின்று பாடம் நடத்தும் பக்கத்துச் சுவரைக் காலியாக விடுங்கள். பிள்ளைகளின் முதுகுப் பக்கம் ஒரே ஒரு பலகை வையுங்கள். அதில் அவர்கள் செய்தது மட்டும் இருக்கட்டும்.

சுவருக்குப் பதிலாகத் தரையில் உழையுங்கள். 1972-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்ளர் ஆட்டிசப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டீச் (TEACCH) திட்டத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் இது: ஓர் இடத்தைப் பார்த்தவுடனே அங்கே என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தனியாக வேலை செய்யும் மேசை ஒரு பக்கம், கூடி உட்காரும் பாய் ஒரு பக்கம், விளையாட ஒரு மூலை. எல்லையைத் தரையில் டேப் ஒட்டியோ அலமாரியைத் திருப்பிவைத்தோ காட்டலாம். அன்றைய நாளை மேலிருந்து கீழாகப் படங்களாக ஒட்டி, முடிந்ததை ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். படம் புரியாத பிள்ளைக்குப் பொருளையே கொடுக்கலாம்: வெளியே போகும் நேரம் என்றால் ஒரு பந்து, படிக்கும் நேரம் என்றால் ஒரு பென்சில். இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்றால் ‘முதலில் – அப்புறம்’ என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு பலகையாவது முதல் நாள் தயாராக இருக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரியாத பயம்தான் பல பிள்ளைகளின் ‘அடத்துக்கு’ வேர்.

பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு நாள் அந்த அறையில் தனியாகப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். டியூப்லைட் ரீங்காரம், ஃபேன் சத்தம், நாற்காலிக் கால் தரையில் தேயும் ஓசை எல்லாம் அப்போதுதான் கேட்கும். மினுக்குகிற விளக்கை மாற்றச் சொல்லுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை போடுங்கள். காது கேட்கும் கருவி உங்கள் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை, எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அந்தப் பையனுக்கு இந்த ரப்பர் உறை பெரிய உதவி. அவனிடம் பேசும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். தினமும் காலையில் பேட்டரியைப் பாருங்கள். நீங்கள் வாசனைத் திரவியம் போடுகிறவராக இருந்தால் பள்ளி நாளில் விட்டுவிடுங்கள். வீல்சேர் முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் அகல இடம் வேண்டும். அந்தச் சிறுமி எல்லா மூலைக்கும், முக்கியமாக விளையாட்டு மூலைக்கும், யாரும் தள்ளாமல் போய்வர முடிகிறதா என்று ஒரு வீல்சேரில் நீங்களே உட்கார்ந்து உருட்டிப் பாருங்கள்.

வலிப்பு வரும் பிள்ளைக்கு மருத்துவர் எழுதித் தந்த திட்டம் அறையில் இருக்க வேண்டும். வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள இருவருக்கும் காதும் கண்ணும் அண்மையில் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேளுங்கள். இரண்டிலும் குறை இருப்பது அவர்களிடம் சாதாரணம். கவனிக்காமல் விட்டால் மந்தம் என்று தவறாக எண்ணிவிடுவோம். கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பது அவர்களில் பலருக்கு எளிது.

அமைதி மூலை ஒன்று கட்டாயம் வேண்டும். கொஞ்சம் மறைவாக, மெத்தென்று, வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். தண்டனையாக யாரையும் அங்கே அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினாலும் அது சிறையாகிவிடும், பிள்ளை தானாக அங்கே போகாது. உடைந்துபோய் அலறும் பிள்ளையிடம் விளக்கம் பேசிப் பயனில்லை. அந்த நேரத்தில் சொற்கள் அதற்குள் இறங்கா. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டானே, அப்போது தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டார். பேச்சு நாற்பது நாள் கழித்துத்தான், அதுவும் மெல்லிய சத்தத்தில். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நான் சரியாகப் படித்தேன் என்று சொல்வேன்.

இப்போது வசனமும் ஜெபமும். பொதுப் பள்ளியில் ஆசிரியர் தன் மதத்தை எந்த அளவு காட்டலாம் என்பதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு விதி உண்டு. தலைமையாசிரியரிடம் முதலிலேயே வெளிப்படையாகக் கேட்டு அதன்படி நடங்கள். ஆனால் விதி அனுமதித்தாலும் நான் அந்த வகுப்பில் ஜெபக்கூட்டம் போல நாளைத் தொடங்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளால் எழுந்து போக முடியாது, மறுத்துப் பேச முடியாது, வீட்டில் போய் என்ன நடந்தது என்று சொல்லவும் பலரால் முடியாது. மறுக்க முடியாதவரிடம் பெறும் சம்மதத்தை நம் ஆண்டவர் எங்குமே கேட்டதில்லை. ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்துச் சுகத்துக்காகச் சத்தமாக ஜெபிப்பதும் வேண்டாம். நீ இப்படி இருப்பது சரியில்லை என்றுதான் அது பிள்ளையின் காதில் விழும். காலை, பள்ளி திறக்குமுன் போய், ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். நான் இன்றும் செய்கிறேன். முந்தைய நாள் யாரிடம் பொறுமையிழந்தேனோ அந்த நாற்காலியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

நம்மவர்களின் கதையிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தெ லெப்பே என்ற குருவானவர் காது கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்தார். அவர்களுக்கு வேதம் போய்ச் சேரவில்லையே என்பதுதான் அவருடைய கவலை. அதற்காக அவர் செய்த முதல் வேலை, அவர்கள் கையால் பேசும் சைகைகளைத் தான் கற்றுக்கொண்டது. ஏழை பணக்காரர் பாராமல் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த அவருடைய பள்ளியிலிருந்து சைகை வழிக் கல்வி பல நாடுகளுக்குப் பரவியது. அப்புறம் 1880-இல் மிலான் நகரில் ஒரு மாநாடு கூடியது. தலைமை தாங்கிய ஜூலியோ தாராவும் ஒரு குருவானவர்தான். காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். வந்திருந்த 160-க்கும் மேற்பட்டவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதன் விளைவாகப் பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் வகுப்பில் கட்டப்பட்டன. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் பிரதிநிதிகள் அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தார்கள். மிலானில் கூடியவர்களுக்கும் பிள்ளைகள்மேல் அன்பு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர்கள் பிள்ளைகளைக் கேட்கவில்லை.

சபையார் கேட்கும் விவரத்தைக் கொடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சமும் இளக மாட்டேன். ஜெபக் குறிப்பு என்று தொடங்கி ஒரு பிள்ளையின் நோய், குடும்பச் சண்டை, அப்பா விட்டுப் போனது எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். உங்களிடம் நம்பிக் கொடுக்கப்பட்டது. “என் வகுப்புக்காகவும் எனக்குப் பொறுமைக்காகவும் ஜெபியுங்கள்” என்று சொன்னால் போதும், கர்த்தருக்குப் பெயர் தெரியும். புகைப்படமும் அப்படித்தான். சாட்சி சொல்லும்போது மேடையில் காட்டப் பிள்ளைகளின் படம் வேண்டவே வேண்டாம். சபையாருக்கு உதவ ஆசையிருந்தால் அட்டை வெட்டி லாமினேட் செய்து தரச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தாலும் அந்த வேலை தீராது.

தேவதூதர்கள், தெய்வப் பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் பென்சில் திருடுவார்கள், பொய் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளிவிட்டு அப்பாவி முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். தேவதூதர் என்று நினைத்தால் கண்டிக்க மனம் வராது, கற்றுக்கொடுக்கவும் தோன்றாது. கட்டிப்பிடிப்பதிலும் ஒரு வரம்பு வையுங்கள். வாசலில் மூன்று படம் ஒட்டிவைக்கலாம்: கையசைப்பது, கையோடு கை தட்டுவது, சும்மா தலையாட்டுவது. எப்படி வணக்கம் சொல்வது என்று பிள்ளை தொட்டுக் காட்டட்டும். உடை மாற்ற, கழிவறையில் உதவத் தொடும் முன், இப்போது என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், திரை போட்டே செய்யுங்கள். தன் உடம்பைத் தொடுவதற்கு முன் கேட்பார்கள் என்று பழகிய பிள்ளைக்கு, கேட்காமல் தொடுகிறவரிடம் ‘வேண்டாம்’ காட்டும் தைரியம் வரும்.

அந்தத் தாய்க்கு வருகிறேன். அவர் எந்த மதத்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் முதல் சொல் “இல்லை அம்மா” என்பதுதான். தயங்காமல், அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் இருப்பவர்களுக்கு 21-ஆவது குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்பதை 1959-இல் பாரிஸில் கண்டறிந்து வெளியிட்டார்கள். பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடப்பது அது. தாய் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் வருவதில்லை. ஆட்டிசப் பிள்ளைகளின் தாய்மாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் பழி சுமந்தார்கள். அன்பில்லாத அம்மாவால் வருகிறது என்று மருத்துவர்களே சொன்னார்கள். மேலே சொன்ன ஷோப்ளர் அதை எதிர்த்து, பெற்றோரைத் தன்னோடு சேர்ந்து பயிற்சி தருகிறவர்களாக உட்காரவைத்தார். அந்தத் தாய் கிறிஸ்தவராக இருந்து, வேதம் என்ன சொல்கிறது என்று கேட்டால் யோவான் 9 இருக்கிறது. இவன் பாவம் செய்தானா, பெற்றோர் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்க, இவனுமில்லை பெற்றோருமில்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அவர் கேட்காவிட்டால் நீங்களாக அதை எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக முதல் வாரமே அவருக்குத் தொலைபேசியில், பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் இந்தப் பெற்றோர்.

முதல் நாள் பெரிதாக எதையும் திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் படம் ஒட்டிய கொக்கி, அதன் படம் ஒட்டிய நாற்காலி, படங்களில் அன்றைய நாள். இவ்வளவு இருந்தால் போதும். வாசலில் நில்லுங்கள், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து கொள்ளுங்கள். பேசாத அந்தப் பையன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றால் நிற்கட்டும். கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் உதவியாளர் ஒருவர் இருக்கட்டும். ‘வேண்டாம்’ அட்டையை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அவன் அதை எடுத்து உங்களிடம் நீட்டும் நாளில், என்ன பாடம் நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டுக் கைநீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எதை வேண்டாம் என்றான் என்று எனக்கும் எழுதுங்கள்.